வேலையை விட்டு விலகும்போது வாங்க வேண்டிய கடிதங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை தனியார் துறை ஊழியர்களுக்கான முழு வழிகாட்டி

கடை, அரிசி ஆலை, ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், நிதி நிறுவனம், தொண்டு நிறுவனம் என்று தனியார் துறையில் சம்பளத்துக்கு வேலை செய்து விலகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரச உத்தியோகத்தர்களுக்கு நடைமுறை வேறு. அது இங்கே வராது.

சேவைக் கடிதத்துக்கும் சேமலாப நிதிப் படிவத்துக்கும் அலைகிறவர்களோடு இருந்து பார்த்ததில், பெரும்பாலானோர் இரண்டு இடங்களில்தான் சிக்குகிறார்கள். வேலையை விட்டு மாதக்கணக்கில் ஆன பிறகு கடிதம் கேட்கப் போகிறார்கள். அல்லது, வாங்கிய கடிதங்களில் பெயரும் திகதியும் ஒன்றோடொன்று ஒத்துவராமல் தவிக்கிறார்கள். இரண்டையும் தவிர்க்கலாம், படிகளை வரிசை தவறாமல் செய்தால்.

வாங்க வேண்டியவை இவை: இராஜினாமாவை ஏற்றுக்கொண்ட கடிதம், பொருட்களை ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டு, சேவைச் சான்றிதழ், இறுதிக் கணக்குச் சீட்டு, பணிக்கொடைக் (சேவைக் காலத்துக்காக விலகும்போது முதலாளி தரும் பணம்) கணக்கு, ஊழியர் சேமலாப நிதிக்கும் (EPF) ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கும் (ETF) தேவையான உறுதிப்படுத்தல்கள், வரி கழிக்கப்பட்டிருந்தால் அதற்கான சான்றிதழ். எல்லோருக்கும் எல்லாமும் தேவைப்படாது. ஆனால் சேவைச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வெளியே வரக்கூடாது.

1. இராஜினாமா பற்றிப் பேச முன் வீட்டில் தேட வேண்டியவை

நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், கையில் உள்ள சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி இலக்கம். இவற்றை ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

நியமனக் கடிதத்தில் மூன்று விடயங்களைப் பாருங்கள்: வேலையில் சேர்ந்த திகதி, பதவியின் பெயர், விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. பின்னால் வரும் எல்லாக் கடிதங்களும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கப்போகின்றன.

நியமனக் கடிதமே தராத கடைகள் நம் பக்கம் ஏராளம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆனாலும் கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு புடவைக் கடையில் மாமாவின் சிபாரிசில் சேர்ந்தவரிடம் அப்படியொரு தாள் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிப் புத்தகம், ஊழியர் அடையாள அட்டை, வரவுப் பதிவின் படம், முதலாளியோடு பரிமாறிய வட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சேர்ந்த திகதியைப் பின்னர் யாராவது மறுத்தால் கைகொடுக்கப் போவது இவைதான்.

அடுத்ததாக, சேமலாப நிதிக்குப் பணம் உண்மையில் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும், முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுவார். சம்பளம் 60,000 ரூபா என்றால் உங்களிடமிருந்து 4,800, முதலாளியிடமிருந்து 7,200, நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 1,800. சம்பளச் சீட்டில் 4,800 கழித்திருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மத்திய வங்கி தரும் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றில் 12,000 விழுந்திருக்கிறதா என்று மாதம் மாதமாக ஒப்பிடுங்கள்.

இதை ஏன் இப்போதே செய்யச் சொல்கிறேன் என்றால், வேலையில் இருக்கும்வரை கணக்காளர் உங்களுக்கு இரண்டு மேசை தள்ளித்தான் இருப்பார். ஒரு தேநீர் நேரத்தில் கேட்டுத் திருத்திவிடலாம். விலகிய பிறகு அதே கேள்விக்கு நீங்கள் வரவேற்பறையில் காத்திருக்க வேண்டும்.

2. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒழுங்குபடுத்துதல்

அதிகமான பணம் தேங்கிக் கிடப்பது இந்தப் படியைத் தவறவிட்டவர்களுக்குத்தான்.

நம் பெயர்கள் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்படுகின்றன. முஹம்மது என்ற ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு. கணபதிப்பிள்ளை, தம்பிராசா போன்ற தகப்பன் பெயர்கள் ஓரிடத்தில் முழுமையாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் வரும். திருமணத்துக்கு முன் சேர்ந்த பெண்ணுக்கு நியமனக் கடிதத்தில் தகப்பன் பெயரும் சம்பளச் சீட்டில் கணவன் பெயரும் இருக்கலாம். கடையில் எல்லோரும் கூப்பிடும் பெயரே சம்பளப் பதிவில் ஏறியிருப்பதும் உண்டு.

இலக்கத்திலும் இப்படித்தான். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும், புதிய அட்டையில் 12 இலக்கங்கள். பழைய அட்டையோடு வேலையில் சேர்ந்து, இடையில் புதிய அட்டை எடுத்தவர்கள் நிறையப் பேர்.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் அடையாள அட்டை. அதில் பிழை இருந்தால் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து அதைத் திருத்துங்கள். அட்டையைத் திருத்தாமல் நிறுவனப் பதிவைத் திருத்தினால், அதே வேலையை இரண்டு தரம் செய்ய வேண்டிவரும். அட்டை சரியானதும், அதன்படி சேமலாப நிதிப் பதிவைத் திருத்தும்படி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். அட்டையின் பிரதியையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் இணையுங்கள். திருத்தக் கோரிக்கை முதலாளியின் கையொப்பத்தோடு போவதுதான் சுலபமான வழி. அதனால்தான் வேலையில் இருக்கும்போதே இதை முடிக்க வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு பெயர்களில் ஆவணங்கள் இருந்து, எல்லாவற்றையும் மாற்ற முடியாத நிலை என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு எழுத்துக்கூட்டல்களும் எந்தெந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்பதும் வர வேண்டும். "எனக்கு இரண்டு பெயர் உண்டு" என்று பொதுவாக எழுதிய கடதாசியை அலுவலகங்கள் ஏற்பதில்லை.

3. இறுதி வேலை நாளைத் தெரிவு செய்தல்

இறுதி நாள் இராஜினாமாக் கடிதம், ஏற்புக் கடிதம், சேவைச் சான்றிதழ், பணிக்கொடைக் கணக்கு, சேமலாப நிதிப் படிவம் எல்லாவற்றிலும் வரும். எல்லாவற்றிலும் ஒரே திகதியாக வர வேண்டும். ஆகவே முதலிலேயே நன்றாக யோசித்துத் தீர்மானியுங்கள்.

பணிக்கொடைக்கு 5 பூர்த்தியான வருடங்கள் தேவை. 4 வருடமும் 11 மாதமும் முடித்துவிட்டு, கட்டாரிலிருந்து விசா வந்துவிட்டது என்று அவசரத்தில் எழுதிக் கொடுக்கிறவரைப் பார்க்கும்போது மனம் பொறுக்காது. ஒரு மாதம் பொறுத்தால் இரண்டரை மாதச் சம்பளம் கையில் கிடைத்திருக்கும். ஐந்துக்குப் பிறகும் இதே கணக்குத்தான்: ஏழு வருடமும் நான்கு மாதமும் என்றால் ஏழு வருடத்துக்கே பணம், அந்த நான்கு மாதத்துக்கு இல்லை.

திருமணத்தை முன்னிட்டு விலகி சேமலாப நிதியை எடுக்க விரும்பும் பெண்கள், விலகும் திகதி திருமணத்துக்கு முந்திய 3 மாதங்களுக்குள்ளோ பிந்திய 5 வருடங்களுக்குள்ளோ விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கடிதத்தில் ஒரு மாதம் மாறினால் விண்ணப்பம் திரும்பி வரும்.

4. இராஜினாமாக் கடிதமும் அதை ஏற்ற கடிதமும்

கடிதம் சிறியதாக இருக்கட்டும். முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், பதவி, விலகும் முடிவு, இறுதி வேலை நாள், கையொப்பம், எழுதிய திகதி போதும். முகாமையாளரோடு உள்ள மனக்குறையை அதில் எழுதாதீர்கள். அந்தக் கடிதம் உங்கள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும், சேவைச் சான்றிதழ் எழுதுகிறவர் அதைத்தான் முன்னால் விரித்து வைத்திருப்பார்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "கிடைத்தது" என்று திகதியும் கையொப்பமும் றப்பர் முத்திரையும் வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் "நான் நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று அனுப்பியது இராஜினாமா ஆகாது.

அடுத்ததாக, ஏற்றுக்கொண்ட கடிதத்தைக் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. "இன்ன திகதியோடு சேவையிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்" என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும். புதிய நிறுவனம் விடுவிப்புக் கடிதம் என்று கேட்பது இதைத்தான்.

இந்தப் படியில் இரண்டு பெரிய பிழைகள் நடக்கின்றன.

முதலாவது, சொல்லாமல் நின்றுவிடுவது. விசா வந்த வேகத்தில் அடுத்த கிழமையே விமானம் ஏறுகிறார்கள். நிறுவனம் சில நாள் பார்த்துவிட்டு, பதவியை விட்டு நீங்கியதாகக் கருதுகிறோம் என்று வீட்டு விலாசத்துக்குக் கடிதம் அனுப்பும். அதன் பிறகு நல்ல சேவைச் சான்றிதழ் கேட்பது கடினம். முன்னறிவித்தலுக்குப் பதிலான சம்பளத்தையும் அவர்கள் கோரலாம். நேரமில்லை என்றால் முன்னறிவித்தல் காலத்தைக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நேரில் பேசினால் இங்குள்ள முதலாளிமார் பெரும்பாலும் இணங்குவார்கள்.

இரண்டாவது, நிறுவனம் உங்களை நிறுத்தும்போது "நீங்களாகவே விலகுகிறதாக எழுதித் தாங்க, உங்களுக்குத்தான் நல்லது" என்று சொன்னால் எழுதிக் கொடுப்பது. நிறுத்தப்பட்டவருக்குச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு, தானாக விலகியவருக்கு இல்லை. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணத்தால் ஒருவரை நிறுத்தினால், அடுத்த இரண்டு வேலை நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். வேறு காரணத்தால் நிறுத்துவதென்றால் உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஆகவே கையொப்பம் கேட்டால் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க ஒரு நாள் கேளுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பம் வைக்காதீர்கள்.

5. ஒப்படைத்தல்

மடிக்கணினி, தொலைபேசி, மோட்டார் சைக்கிள், கடைத் திறப்பு, சீருடை, முற்பணம், கடன் மீதி ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் வாங்குங்கள். இது முடியாமல் கணக்குப் பிரிவு இறுதிக் கணக்கைத் தொடாது. களஞ்சியத்திலும் காசுப் பொறுப்பிலும் இருந்தவர்கள் இறுதி நாள் இருப்புக் கணக்கை இன்னொருவரோடு சேர்ந்து எண்ணி, இருவரும் ஒப்பமிட வேண்டும். பிறகு ஏதாவது குறைந்தால் உங்கள் பெயர் இழுபடாமல் இருக்கும்.

6. சேவைச் சான்றிதழ்

கிடைத்த கடிதத்தை வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டு, தேவைப்படும் நாளில் பிழையைக் கண்டுபிடிக்கிறவர்கள் அதிகம். ஆகவே இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள்.

வரைவை நீங்களே தயாரித்துக் கொண்டுபோங்கள். நம் பக்கத்துச் சிறிய நிறுவனங்களில் கடிதம் எழுதவென்று ஆள் இல்லை. முதலாளிக்கு மனமிருக்கும், எழுதத் தெரியாமல் தள்ளிப்போடுவார். பக்கத்துக் கொமியூனிகேஷனில் தட்டச்சு செய்து, "முதலாளி, என்ட சேவைக் கடிதத்த நானே அடிச்சுக் கொண்டு வந்திருக்கன், ஒருக்காப் பாத்து உங்கட கடிதத் தலைப்பில ஒப்பம் வெச்சுத் தாங்க" என்று கேட்டால் அன்றே முடிந்துவிடும்.

உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"சம்பந்தப்பட்டவர்களுக்கு. சேவைச் சான்றிதழ். (அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர்), தேசிய அடையாள அட்டை இலக்கம் (பழையதும் புதியதும்), எமது நிறுவனத்தில் 2018.03.01 முதல் 2025.06.30 வரை முழுநேர ஊழியராகப் பணியாற்றினார். 2021.12.31 வரை விற்பனை உதவியாளராகவும் 2022.01.01 முதல் களஞ்சியப் பொறுப்பாளராகவும் கடமையாற்றினார். பொருட்களைப் பெறுதல், இருப்புப் பதிவேடு பேணல், மாத இறுதி இருப்புக் கணக்கெடுப்பு, இரண்டு உதவியாளர்களை மேற்பார்வை செய்தல் என்பன அவரது கடமைகளாகும். ஊழியர் சேமலாப நிதி இலக்கம் (…). தமது விருப்பின் பேரில் சேவையிலிருந்து விலகினார்."

கீழே கையொப்பமிட்டவரின் பெயர், பதவி, நிறுவன முத்திரை, நிறுவனத் தொலைபேசி, மின்னஞ்சல். மேலே கடிதத் தலைப்பும் திகதியும்.

ஒவ்வொன்றும் ஏன் தேவை? பதவியை மட்டும் எழுதிக் கடமைகளை விட்டால், வெளிநாட்டு நிறுவனம் உங்கள் அனுபவத்தை எடைபோட முடியாது. "உதவியாளர்" என்பது ஒரு கடையில் தேநீர் கொண்டு வருகிறவர், இன்னொரு கடையில் முழு விற்பனையையும் பார்க்கிறவர். கனடா குடிவரவுக்கு அனுபவம் காட்டுவோர் பதவி, கடமைகள், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் ஆகிய நான்கையும் கடிதத்தில் காட்ட வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் இப்போதே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தொலைபேசி இலக்கம் எதற்கென்றால், புதிய நிறுவனம் அழைத்துச் சரிபார்க்கும். யாரும் எடுக்காத இலக்கத்தால் வேலை கைநழுவிப் போகலாம்.

அடிக்கடி காணும் பிழைகள்:

"பணியாற்றி வருகிறார்" என்று எழுதிய கடிதம். வங்கிக் கடனுக்காக முன்னர் வாங்கியதை இப்போது சேவைச் சான்றிதழாகக் கொடுக்கிறார்கள். முடிவுத் திகதி இல்லாத கடிதம் சேவை முடிந்ததைக் காட்டாது.

கடிதத்தின் திகதி இறுதி வேலை நாளுக்கு முந்தியதாக இருப்பது. ஜூன் 20 இல் எழுதிய கடிதம் ஜூன் 30 வரை வேலை செய்தார் என்று சொல்ல முடியாது. வரைவை முன்னரே காட்டி ஒப்புதல் வாங்குங்கள், கையொப்பத்தை இறுதி நாளில் வாங்குங்கள்.

கிளை மேற்பார்வையாளர் ஒப்பமிடுவது. தலைமை அலுவலகம் கொழும்பில் உள்ள நிறுவனங்களில் இது நடக்கும். மட்டக்களப்புக் கிளையில் ஒப்பம் வாங்கிவிட்டு நிம்மதியாகப் போவார்கள். சரிபார்க்க அழைப்பு வரும்போது கொழும்பு மனிதவளப் பிரிவு "எங்களிடம் அப்படியொரு பதிவு இல்லை" என்று சொல்லிவிடும். யாருக்கு ஒப்பமிட அதிகாரம் என்று கேட்டு, அவரிடமே போங்கள்.

சேர்ந்த திகதிக்குப் பதிலாக நிரந்தரமாக்கப்பட்ட திகதியை எழுதுவது. பயிற்சிக் காலமும் சேவைதான். அதை இழந்தால் பணிக்கொடையிலும் ஒரு வருடம் போகலாம்.

மொழி பற்றி ஒரு சொல். உள்ளூர் வேலைக்குத் தமிழ்க் கடிதம் போதும். வெளிநாட்டுக்கு என்றால் ஆங்கிலத்தில் தனியாக ஒன்று கையொப்பமிட்டு வாங்குங்கள். தமிழில் மட்டும் வாங்கிவிட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பணம் கொடுத்து மாற்ற வேண்டிவரும்.

நற்சான்றிதழ் இதிலிருந்து வேறானது. உழைப்பையும் நடத்தையையும் பாராட்டி மேலதிகாரி தருவது அது. கிடைத்தால் நல்லது. சேவைச் சான்றிதழின் இடத்தை அது நிரப்பாது.

7. இறுதிக் கணக்கும் பணிக்கொடையும்

இறுதி மாதச் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, எடுக்காத வருடாந்த விடுமுறைக்கான பணம், கழிவுகள் எல்லாம் தனித்தனி வரியில் உள்ள ஒரு சீட்டை வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் கையில் தந்தால் எது விடுபட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

பணிக்கொடை 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வருவது. விலகுவதற்கு முந்திய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடமாக இருந்து, நீங்கள் 5 வருடங்களைப் பூர்த்தி செய்திருந்தால் உரிமை உண்டு. தானாக விலகினாலும் உண்டு. "நீதானே விட்டுப் போறாய், உனக்கு எதுக்குப் பணிக்கொடை" என்பது சட்டப்படி பிழையான பேச்சு.

மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் இறுதியாகப் பெற்ற மாதச் சம்பளத்தின் பாதி. நாட்கூலியாக வாங்குகிறவருக்கு, வருடத்துக்கு 14 நாள் கூலி. மேலே உள்ள களஞ்சியப் பொறுப்பாளரின் சம்பளம் 60,000 என்றால், 30,000 ரூபாவை 7 ஆல் பெருக்க 210,000 ரூபா. அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப்படியும் கணக்கில் சேரும், மேலதிக நேரம் சேராது.

விலகி 30 நாட்களுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் 10 வீதத்தில் தொடங்கி 30 வீதம் வரை முதலாளி மேலதிகமாகக் கட்ட வேண்டியிருக்கும். மோசடி, பணக் கையாடல், சொத்துக்குச் சேதம், பொருள் இழப்பு ஆகிய காரணங்களுக்காக நிறுத்தப்பட்டவருக்கு மட்டுமே, அதுவும் ஏற்பட்ட இழப்பின் அளவுக்கு மட்டுமே, இதில் வெட்ட முடியும்.

"இனி எனக்கு எந்தக் கொடுப்பனவும் வரவேண்டியதில்லை" என்ற தாளில் கையொப்பம் கேட்பார்கள். காசோலை கையில் வந்த பிறகு, காசோலை இலக்கத்தையும் தொகையையும் எது எதற்கான பணம் என்பதையும் அதே தாளில் எழுதி ஒப்பமிடுங்கள். பணத்துக்கு முன் ஒப்பம் வேண்டாம்.

15 பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். ஆனாலும் பணிக்கொடை கேட்டு, வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். சிறிய கடைகளில் இருபது வருடம் நின்றவர்கள் இதைத் தெரியாமலே வெறுங்கையோடு போகிறார்கள்.

8. சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும்

இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் குழப்பம் தொடங்குகிறது.

வேலை மாறுவதற்காக விலகினால் சேமலாப நிதியை எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது; திருமணத்தை முன்னிட்டு விலகும் பெண்கள்; நிரந்தர இயலாமை; நிரந்தரமாக நாட்டை விட்டுக் குடிபெயர்தல்; ஓய்வூதியமுள்ள அரச வேலை கிடைத்தல். இவைதான் முக்கியமான காரணங்கள். தொண்டு நிறுவனத்தில் இருந்துவிட்டு ஆசிரியர் நியமனமோ அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனமோ பெறுகிற பட்டதாரிகள் நம் மாவட்டங்களில் அதிகம். அவர்கள் அரச நியமனக் கடிதத்தையும் பழைய நிறுவனத்தின் விலகல் கடிதத்தையும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் 'கே' (K) படிவம். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எடுக்கலாம். அதில் முதலாளி உறுதிப்படுத்தும் பகுதி உண்டு. ஆகவே எடுக்கத் தகுதியுள்ளவர்கள் அந்தப் படிவத்தை இறுதி வாரத்திலேயே கொண்டுபோய், கடைசிக் கையொப்பங்களோடு சேர்த்து நிரப்பி வாங்க வேண்டும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் பிரதி, வேலை முடிவைக் காட்டும் கடிதம் என்பனவும் தேவைப்படும்.

எடுக்க முடியாதவர்கள் செய்ய வேண்டியது ஒன்று: இலக்கத்தை எழுதி வைப்பது. நிறுவனத்தின் பிராந்திய எழுத்து, நிறுவன இலக்கம், உங்கள் உறுப்பினர் இலக்கம் என்ற மூன்று பகுதிகளும் வேண்டும். வேலை மாறும் ஒவ்வொரு தடவையும் புதிய இலக்கம் வரும். ஓய்வு பெறும் வயதில் எல்லா இலக்கங்களையும் காட்ட வேண்டும்.

நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் வேறு விதம். வயது எதுவானாலும் வேலையை விட்டதும் கோரலாம். மறுபடி வேலையில் சேர்ந்து விலகினால், முந்திய கோரிக்கையிலிருந்து 5 வருடம் ஆக வேண்டும். இதன் படிவத்திலும் முதலாளியின் உறுதிப்படுத்தல் வேண்டும். தொகை சிறியது என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். ஏழு வருடத்தில் சேர்ந்தது சிறிய பணமல்ல.

இறுதி மாதச் சந்தாவை முதலாளி அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டலாம். ஆகையால் விலகி இரண்டு மாதம் கழித்து ஒருமுறை கணக்கைப் பாருங்கள். அவசரத்தில் அதற்கு முன்னரே விண்ணப்பித்தால் அந்த மாதப் பணம் தனியாகத் தேங்கிவிடும்.

9. வரிச் சான்றிதழ்

2025 ஏப்ரல் முதல், மாதச் சம்பளம் 150,000 ரூபாவுக்கு மேற்பட்டவர்களிடம்தான் வருமான வரி கழிக்கப்படுகிறது. உங்கள் சம்பளச் சீட்டில் அந்தக் கழிவு இருந்தால் 'டி 10' (T 10) சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நடுவில் வேலை மாறினால் இரண்டு நிறுவனங்களின் சான்றிதழ்களும் சேர்ந்தால்தான் வருடக் கணக்கு முடியும். கழிவு இல்லாதவர்கள் இந்தப் படியைத் தாண்டலாம்.

10. திட்டம் முடியும் அலுவலகங்களும் பருவகால ஹோட்டல்களும்

தொண்டு நிறுவனத் திட்டம் முடிந்தால் அலுவலகமே பூட்டப்படும். மேசை கதிரை ஏலத்தில் போகும், கோப்புகள் கொழும்புக்குப் போகும், முகாமையாளர் வேறு நாட்டுக்குப் போவார். ஆறு மாதம் கழித்துக் கடிதம் கேட்க அங்கே எவரும் இல்லை. திட்டத்தின் கடைசி மூன்று மாதம் தொடங்கும்போதே கடிதங்களைக் கேளுங்கள். உங்கள் ஒப்பந்தம் பல தடவை புதுப்பிக்கப்பட்டிருந்தால் எல்லா ஒப்பந்தங்களின் பிரதிகளையும் எடுத்து, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே சான்றிதழாகக் கேளுங்கள். தலைமை அலுவலக மனிதவளப் பிரிவின் பொது மின்னஞ்சல் முகவரியையும் வாங்குங்கள். தனியாள் முகவரி அவர் போனதும் செத்துவிடும்.

அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் வேலை பருவத்தோடு வந்து போகும். ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒரு கடிதம் வாங்குங்கள். அடுத்த வருடம் வேறு முகாமையாளர் இருப்பார். ஹோட்டலின் பெயரே மாறியிருக்கவும் கூடும்.

11. தராவிட்டால்

முதலில் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். எந்தக் கடிதங்கள் வேண்டும் என்று பட்டியலிட்டு, 14 நாள் அவகாசம் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் பத்துத் தரம் கேட்டதற்கு ஆதாரம் இல்லை, ஒரு பதிவுத் தபாலுக்கு உண்டு.

அதற்கும் பதில் இல்லை என்றால் நீங்கள் வேலை செய்த இடத்துக்குப் பொறுப்பான தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வீடு இருக்கும் இடத்தை வைத்தல்ல, வேலை செய்த இடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். களுவாஞ்சிக்குடியில் வசித்துக் கல்முனையில் வேலை செய்தவர் மட்டக்களப்புக்குப் போனால் திருப்பி அனுப்பப்படுவார். கட்டாத சேமலாப நிதி, தராத பணிக்கொடை இரண்டையும் அங்கே முறையிடலாம். சேமலாப நிதியைத் தாமதித்துக் கட்டும் முதலாளிக்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். தொழில் உத்தியோகத்தர் விசாரிக்கத் தொடங்கியதும் பல முதலாளிமார் பேச்சுக்கு வருவது அதனால்தான்.

அநியாயமாக நிறுத்தப்பட்டீர்கள் என்றால் தொழில் நியாய சபைக்கு 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழில் அலுவலகத்தில் பேச்சு நடக்கிறதே என்று காத்திருந்து இந்த எல்லையைத் தவறவிடாதீர்கள்.

12. பிரதிகள்

வாங்கிய அன்றே ஒவ்வொரு கடிதத்தையும் ஸ்கேன் செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். நிறுவன மின்னஞ்சல் இறுதி நாள் மாலையே மூடப்படும். மூலப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், லமினேட் செய்ய வேண்டாம். அத்தாட்சிப்படுத்தும் அலுவலகங்கள் தாளின் மேல் முத்திரை வைக்க வேண்டியிருக்கும், லமினேட் செய்த தாளில் அது முடியாது. மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வேலை முகவரோ புதிய நிறுவனமோ கேட்டால் பிரதியைக் கொடுத்து, மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். இரண்டு மூலப் பிரதிகளில் ஒப்பம் வாங்க முடிந்தால், ஒன்றை வீட்டில் பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ வைத்துவிட்டுப் புறப்படுங்கள். நீங்கள் டோகாவில் இருக்கும்போது இங்கே படிவம் கொடுக்க வேண்டி வந்தால் அவர்கள்தான் கொண்டுபோவார்கள்.